இஸ்லாமிய மார்க்கக் கல்வியில் ஊடாடும் வகுப்பறைத் தொழில்நுட்பம்

இஸ்லாமிய மார்க்கக் கல்வியில் ஊடாடும் வகுப்பறைத் தொழில்நுட்பம் என்பது, குர்ஆன் ஓதுதல், மார்க்கச் சட்டம், நபி வரலாறு, ஹிஜ்ரி நாள்காட்டி முதலிய பாடங்களில் மாணவர் தாமே விடையளிக்கவும், செய்து பார்க்கவும், தம் பிழையை அப்போதே அறிந்து திருத்திக்கொள்ளவும் உதவும் கருவிகளையும் மென்பொருள்களையும் வகுப்பில் பயன்படுத்தும் முறையாகும். திறன் பலகை, கணினி, கைப்பேசி, ஒலிப்பதிவு மென்பொருள், வினாடி வினாச் செயலி, வானியல் மென்பொருள் ஆகியவை இதில் அடங்கும். தமிழ் வழியில் மார்க்கக் கல்வி பெரிய அளவில் நடைபெறும் இடங்கள் இலங்கைப் பள்ளிகளும் தமிழ்நாட்டு மக்தப் மதரசாக்களும் ஆகும். இவ்விரண்டின் சூழல் வேறு வேறானது என்பதால் கருவிகளின் தேவையும் மாறுபடுகிறது.

பொருள் விளக்கம்

திரையில் படம் ஓடுவதால் மட்டும் ஒரு வகுப்பு ஊடாடும் வகுப்பு ஆகிவிடாது. மாணவர் ஒன்றைச் செய்ய வேண்டும். அதற்கு ஏற்ப மறுமொழி வர வேண்டும். அம்மறுமொழியைக் கண்டு மாணவர் தம் செயலை மாற்றிக்கொள்ள வேண்டும். இம்மூன்றும் சேர்ந்ததே ஊடாட்டம்.

இதற்குக் கடைகளில் விற்கும் குர்ஆன் பேனா நல்ல எடுத்துக்காட்டு. அதன் முனையை வசனத்தின் மேல் வைத்தால் ஓதும் குரல் கேட்கும். குழந்தை எத்தனை முறை வேண்டுமானாலும் கேட்கலாம். ஆனால் குழந்தை ஓதுவதைப் பேனா கேட்பதில்லை. தவறாக ஓதினால் சொல்வதும் இல்லை. எனவே அது கேட்பதற்கான நல்ல கருவி. ஊடாடும் கருவி அன்று. தொலைக்காட்சிப் பாடமும் காணொளிப் பாடமும் இவ்வகையைச் சேர்ந்தவையே.

தொடுதிரை போன்று இயங்கும் திறன் பலகையைக் கனடாவின் ஸ்மார்ட் டெக்னாலஜீஸ் நிறுவனம் 1991இல் அறிமுகப்படுத்தியது. அதே ஆண்டில் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழக இயற்பியல் பேராசிரியர் எரிக் மசூர், ஒரு வினாவிற்கு மாணவர் தனித்தனியே விடை சொல்லி, பக்கத்தில் இருப்பவரோடு விவாதித்து, மீண்டும் விடை சொல்லும் முறையைத் தம் வகுப்பில் கையாளத் தொடங்கினார். முன்னது கருவி, பின்னது கற்பிக்கும் முறை. முறை இல்லாமல் கருவி மட்டும் வந்தால், திறன் பலகையும் விலை கூடிய கரும்பலகையாகவே நின்றுவிடும்.

மரபுவழி ஓதும் பள்ளி

தமிழ்நாட்டு முஸ்லிம் குழந்தைகள் பள்ளிக்குச் செல்லும் முன் காலையிலோ, பள்ளி விட்டபின் மாலையிலோ பள்ளிவாசலை ஒட்டிய மக்தப் மதரசாவிற்கு ஓதச் செல்வது வழக்கம். அங்கே வயதும் பாடமும் வேறான குழந்தைகள் ஒன்றாக அமர்ந்திருப்பர். ஒவ்வொருவரும் ஹஜ்ரத்தின் முன் வந்து தம் பாடத்தை ஓதிக் காட்டுவர். அவர் எழுத்தின் ஒலிப்பைத் திருத்துவார். சரியானால் அடுத்த பாடம் கொடுப்பார். மாணவர் ஆசிரியரின் வாயைப் பார்த்து, செவியால் கேட்டு, தாமும் ஓதித் திருத்தம் பெறும் இம்முறை குர்ஆன் கல்வியின் அடிப்படையாகும். மேலே சொன்ன மூன்று கூறுகளும் இதில் உள்ளன. அதாவது ஓதும் பள்ளியில் ஊடாட்டம் புதிதாக வர வேண்டிய ஒன்று அன்று.

குறை வேறிடத்தில் இருக்கிறது. ஒரு மணி நேர வகுப்பில் 20 குழந்தைகள் இருந்தால் ஒரு குழந்தைக்குக் கிடைப்பது 3 நிமிடம். மீதி 57 நிமிடம் காத்திருப்பதில் கழிகிறது. மேலும் தொழுகைச் சட்டம், ஸகாத், நபி வரலாறு போன்ற பாடங்கள் பெரும்பாலும் சொல்லக் கேட்டு மனப்பாடம் செய்யும் பாடங்களாக உள்ளன. தொழுகையின் ஃபர்ளுகளைத் தடையின்றி ஒப்பிக்கும் மாணவர், தொழுகையில் ஒன்று விடுபட்டால் என்ன செய்வது என்ற கேள்விக்குத் தடுமாறுவதுண்டு. தொழில்நுட்பம் பயன்பட வேண்டிய இடங்கள் இவ்விரண்டுமே: காத்திருக்கும் நேரமும், ஒப்பித்தலோடு நின்றுவிடும் பாடங்களும்.

கற்பிக்கும் வழியைக் கற்போரின் மொழிக்கு ஏற்ப மாற்றிக்கொள்வது தமிழ் முஸ்லிம்களுக்குப் புதிதன்று. தமிழ் ஒலிகளுக்காகச் சில எழுத்துகளைக் கூடுதலாகச் சேர்த்து, அரபு எழுத்திலேயே தமிழை எழுதும் அரபுத்தமிழ் முறை காயல்பட்டினம், கீழக்கரை, இலங்கை ஆகிய இடங்களில் வழங்கியது. குர்ஆன் ஓதக் கற்ற எழுத்தைக் கொண்டே தமிழில் மார்க்க நூல்களைப் படிக்க இது வழி செய்தது. கீழக்கரையில் வாழ்ந்த இமாமுல் அரூஸ் மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) அரபுத்தமிழில் எழுதியோருள் குறிப்பிடத்தக்கவர்.

இலங்கையில்

இலங்கைப் பள்ளிகளில் சமயம் ஒரு கட்டாயப் பாடம். மாணவர் தத்தம் சமயத்தை முதல் தரத்திலிருந்து பதினோராம் தரம் வரை கற்கின்றனர். கல்விப் பொதுத் தராதரப் பத்திர சாதாரண தரத் தேர்விலும் சமயம் கட்டாயப் பாடங்களுள் ஒன்று. முஸ்லிம் மாணவர்களுக்கான பாடம் ‘இஸ்லாம்’ எனப்படுகிறது. பெரும்பாலோர் இதைத் தமிழ் வழியில் படிக்கின்றனர். இதற்கான பாடநூல்களைக் கல்வி வெளியீட்டுத் திணைக்களம் இலவசமாக வழங்குகிறது. பாடத்திட்டத்தை மகரகமையில் உள்ள தேசிய கல்வி நிறுவகம் தயாரிக்கிறது. இவற்றுக்குப் புறம்பாக, விடுமுறை நாளான ஞாயிற்றுக்கிழமைகளில் அஹதிய்யா பாடசாலைகளும் நடைபெறுகின்றன.

2007இல் தொடங்கிய பாடத்திட்டச் சீர்திருத்தம், தேர்ச்சியை மையமாகக் கொண்டது. மாணவர் பாடத்தில் ஈடுபட்டு, தாமே தேடிக் கண்டறிந்து, விளக்கி, விரிவாக்கி, மதிப்பிடப்படும் ஐந்து படிநிலை முறையை அது முன்வைத்தது. கல்வி அமைச்சின் இ-தக்சலாவ இணையதளம் சிங்களம், தமிழ், ஆங்கிலம் ஆகிய மூன்று மொழிகளில் பாடங்களைத் தருகிறது. இவ்வாறு இலங்கையில் ‘இஸ்லாம்’ ஆசிரியருக்குப் பாட வேளை, பாடநூல், பள்ளிக் கணினி அறை ஆகியவற்றை ஒருங்கே பயன்படுத்தும் வாய்ப்பு உண்டு. தேர்வு நெருங்கும்போது வகுப்பு மீண்டும் மனப்பாடத்திற்குத் திரும்பிவிடுவது அங்குள்ள சிக்கல்.

தமிழ்நாட்டில்

இந்திய அரசியலமைப்பின் 28ஆவது பிரிவு, முழுவதும் அரசு நிதியில் நடைபெறும் கல்வி நிறுவனங்களில் சமயப் போதனை கூடாது என்கிறது. அரசின் ஏற்பையோ உதவியையோ பெறும் பிற நிறுவனங்களில், மாணவர் அல்லது அவருடைய பாதுகாவலரின் இசைவின்றி அவரைச் சமயப் போதனையில் கலந்துகொள்ளச் செய்ய முடியாது. எனவே அரசுப் பள்ளிகளுக்கு வந்துள்ள உயர் தொழில்நுட்ப ஆய்வகம், திறன்மிகு வகுப்பறை, 2019இல் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சி ஆகியவை மார்க்கக் கல்விக்கு உரியவை அல்ல. அக்கல்வி மக்தபுகள், அரபுக் கல்லூரிகள், சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகள் ஆகியவற்றின் பொறுப்பில் உள்ளது. மக்தபில் பெரும்பாலும் இருக்கக்கூடிய ஒரே கருவி ஆசிரியரின் கைப்பேசிதான். தமிழ்நாட்டுச் சூழலுக்கான எந்தத் திட்டமும் இதிலிருந்தே தொடங்க வேண்டும்.

2020ஆம் ஆண்டின் அனுபவம்

கொரோனா பரவலால் 2020 மார்ச்சில் பள்ளிகளும் மதரசாக்களும் மூடப்பட்டன. இலங்கையில் தமிழ்வழிப் பாடங்கள் நேத்ரா தொலைக்காட்சியில் ஒளிபரப்பாயின. கேரளத்தில் 10,000க்கும் மேற்பட்ட மதரசாக்களை இணைத்துள்ள சமஸ்தா கல்வி வாரியம் காணொளி வகுப்புகளை நடத்தியது. தமிழ்நாட்டில் பல மதரசாக்கள் ஜூம், வாட்ஸ்அப் வழியாக ஓதுவித்தன.

இந்த அனுபவம் ஒன்றைத் தெளிவாக்கியது. காணொளி எத்தனை வீடுகளுக்கும் சென்று சேரும். ஆனால் வீட்டில் குழந்தை தவறாக ஓதுவது அதற்குத் தெரியாது. குழந்தை தன் ஓதலைப் பதிந்து வாட்ஸ்அப்பில் அனுப்ப, ஆசிரியர் கேட்டுத் திருத்தத்தைப் பதிந்து அனுப்பும் எளிய முறையில் ஊடாட்டம் இருந்தது. பள்ளி திறந்த பின்னும் வீட்டுப் பயிற்சிக்கு இம்முறை பொருந்தும்.

பாடவாரியாகப் பயன்பாடு

ஓதுதல்: அரபியின் சில ஒலிகளைத் தமிழ் எழுத்து வேறுபடுத்திக் காட்டுவதில்லை. இதயம் எனப் பொருள்படும் சொல்லையும் நாய் எனப் பொருள்படும் சொல்லையும் தமிழில் எழுதினால் இரண்டும் ‘கல்ப்’ என்றே வரும். முதலாவதன் தொடக்க ஒலி அடிநாக்கின் கடைசிப் பகுதியில், உள்நாக்கை ஒட்டிப் பிறப்பது. இரண்டாவது அதற்குச் சற்று முன்னே பிறப்பது. ஆசிரியர் இத்தகைய 10 சொற்களைத் தம் குரலில் பதிந்து ஒலிக்கவிட்டு, எது எந்த எழுத்து என மாணவரைச் சொல்லச் செய்யலாம். வேறுபாடு செவிக்குப் பிடிபட்ட பிறகே நாவிற்கு வரும்.

நீட்டி ஓதும் மத்து அளவுகளைக் கண்ணாலேயே காட்டலாம். ஆடாசிட்டி என்னும் இலவச ஒலிப்பதிவு மென்பொருள் ஒலியை அலை வடிவமாகத் திரையில் வரைகிறது. மாணவர் 2 அசை அளவும் 6 அசை அளவும் நீட்டி ஓதினால், பின்னது முன்னதைப் போல் மூன்று மடங்கு நீளம் இருக்க வேண்டும். இருக்கிறதா என்பதை மாணவரே அளந்து பார்க்கலாம். ஆனால் எழுத்து எந்த இடத்தில் பிறந்தது என்பதை அந்தப் படத்தைப் பார்த்து மாணவர் அறிய முடியாது. ஓதுவதைக் கேட்டு விடுபட்ட சொல்லைச் சுட்டும் தர்த்தீல் போன்ற செயலிகளும் மனனத்தைச் சரிபார்க்கவே பெரிதும் உதவும். ஒலிப்பைத் திருத்த ஆசிரியரே வேண்டும்.

கிப்லா: கஅபாவின் திசையை அறிவது புவியியலும் மார்க்கமும் சந்திக்கும் பாடம். எடுத்துக்காட்டாக, விருதுநகர் மாவட்டத்தில் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு அருகிலுள்ள சுந்தரபாண்டியத்திலிருந்து மக்கா ஏறத்தாழ 4,250 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. சுவரில் தொங்கும் உலகப் படத்தில் இரு ஊர்களுக்கும் நேர்கோடு வரைந்தால், அது மேற்கிலிருந்து வடக்கே சுமார் 18 பாகை சாய்ந்திருக்கும். உருண்டையான புவியின் மேல் அளந்தால் சுமார் 23 பாகை வரும். மாணவர் முதலில் தட்டைப் படத்திலும், பிறகு கூகுள் எர்த் மென்பொருளிலும் கோடு வரைந்து, இந்த 5 பாகை வேறுபாடு ஏன் என்று காரணம் தேடலாம்.

விடையைச் சூரியனைக் கொண்டும் சரிபார்க்கலாம். ஆண்டுதோறும் மே 27 அல்லது 28, ஜூலை 15 அல்லது 16 ஆகிய நாள்களில் நண்பகலில் சூரியன் கஅபாவிற்கு நேர் மேலே வருகிறது. இந்திய, இலங்கை நேரப்படி அது மே மாதத்தில் பிற்பகல் 2.48 மணி, ஜூலை மாதத்தில் 2.57 மணி. அந்நேரத்தில் ஒரு குச்சியைச் செங்குத்தாக நட்டால், நிழலின் நுனியிலிருந்து குச்சியின் அடியை நோக்கிச் செல்லும் திசையே கிப்லா. கைப்பேசியின் திசைகாட்டி, பக்கத்தில் இரும்பு இருந்தால் பிழையாகக் காட்டும் என்பதையும் மாணவர் அப்போது ஒப்பிட்டு அறியலாம்.

பிறையும் நாள்காட்டியும்: ஹிஜ்ரி ஆண்டு 354 அல்லது 355 நாள்களைக் கொண்டது. அதனால் நோன்பு மாதம் ஆண்டுதோறும் ஏறத்தாழ 11 நாள் முன்னே வருகிறது. சுமார் 33 ஆண்டுகளில் எல்லாப் பருவங்களையும் சுற்றி வருகிறது. ஸ்டெல்லேரியம் என்னும் இலவச வானியல் மென்பொருளில் தம் ஊரையும் மாதத்தின் 29ஆம் நாள் மாலையையும் கொடுத்தால், சூரியன் மறையும்போது நிலவு அடிவானத்திற்கு மேலே உள்ளதா என்று மாணவர் பார்க்கலாம். மென்பொருள் காட்டுவது நிலவின் இடத்தை மட்டுமே. பிறை பார்க்கப்பட்டதா என்பதை அன்று. தமிழ்நாட்டில் அரசு தலைமைக் காஜியும், இலங்கையில் கொழும்பு பெரிய பள்ளிவாசலும் பிறை அறிவிப்பை வெளியிடுகின்றன. இந்த வேறுபாட்டை வகுப்பில் விளக்குவது பின்னாளில் வீண் சச்சரவைக் குறைக்கும்.

ஸகாத்: தங்கத்திற்கான நிஸாப் அளவு 85 கிராம் எனப் பரவலாகக் கொள்ளப்படுகிறது. அது 10 பவுனுக்குச் சற்று மேல். கொடுக்க வேண்டியது 2.5 விழுக்காடு. விரிதாள் மென்பொருளில் அன்றைய தங்க விலையை இட்டால் நிஸாபின் ரூபாய் மதிப்பு மாறுவதை மாணவர் காணலாம். ஒரு பால்கோவாக் கடையின் பட்டியலைக் கொடுத்து, விற்பனைக்கு உள்ள பால்கோவா, வாங்கி வைத்த சர்க்கரை, வாணலி, அடுப்பு, கல்லாவில் உள்ள பணம் ஆகியவற்றில் எவை கணக்கில் சேரும் என்று கேட்கலாம். சரக்கும் பணமும் சேரும். தொழிற்கருவிகளான வாணலியும் அடுப்பும் சேரா. இந்த வேறுபாட்டைத் தாமே கண்டறிந்தவர் அதை மறப்பதில்லை.

நபி வரலாறு: நபிகள் நாயகத்தின் உருவத்தை வரைவதும் நடித்துக் காட்டுவதும் மார்க்கத்தில் ஏற்கப்படுவதில்லை. ஆகவே இயங்குபடங்களுக்கு மாற்றாக வரைபடங்களும் காலக்கோடுகளும் பயன்படுகின்றன. 622ஆம் ஆண்டின் ஹிஜ்ரத் பயணத்தைப் பாடமாக்கும்போது, மதீனா மக்காவிற்கு வடக்கே இருக்க, முதலில் தெற்கே உள்ள தவ்ர் குகைக்குச் சென்றது ஏன் என்பதை மாணவர் வரைபடத்தைப் பார்த்தே விளக்க முடியும்.

ஹதீஸ்: ஹதீஸ் என்று சொல்லிக் கைப்பேசியில் வரும் செய்திகளைச் சரிபார்ப்பது இன்றைய மாணவருக்குத் தேவையான பயிற்சி. எந்த நூலில் உள்ளது, எத்தனையாவது எண், அதன் தரம் குறித்து அறிஞர் கூறுவது என்ன என்னும் மூன்று கேள்விகளுக்கும் விடை தேடச் செய்யலாம். விடை கிடைக்காத செய்தியை மற்றவருக்கு அனுப்பாமல் நிறுத்துவதே பாடத்தின் பயன்.

ஒரே கைப்பேசியுடன் நடத்தும் வகுப்பு

மாணவரிடம் கருவி இல்லாத வகுப்பிற்குப் பிளிக்கர்ஸ் என்னும் செயலி ஏற்றது. ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு தாள் அட்டை தரப்படும். அட்டையை எந்தப் பக்கம் மேலாகப் பிடிக்கிறாரோ அதற்கேற்ப அ, ஆ, இ, ஈ என்னும் நான்கு விடைகளில் ஒன்று பதிவாகும். ஆசிரியர் தம் கைப்பேசியின் கேமராவை வகுப்பை நோக்கித் திருப்பினால் போதும். ஒவ்வொரு அட்டையின் கோலமும் வேறு என்பதால் ஒருவர் விடையைப் பார்த்து மற்றவர் எழுதவும் இயலாது.

40 நிமிடப் பாடம் ஒன்றை இவ்வாறு அமைக்கலாம். முதல் 10 நிமிடம் ஆசிரியர் பாடத்தை விளக்குகிறார். அடுத்த 5 நிமிடம் பால்கோவாக் கடை வினாவிற்கு ஒவ்வொருவரும் அட்டையால் விடை காட்டுகின்றனர். சரியான விடையை ஆசிரியர் உடனே சொல்வதில்லை. 10 நிமிடம் பக்கத்து மாணவரோடு விவாதம். பிறகு 5 நிமிடத்தில் மீண்டும் அட்டை. கடைசி 10 நிமிடம், இன்னும் தவறாகவே உள்ள கருத்தை மட்டும் ஆசிரியர் விளக்குகிறார். கஹூட் போன்ற விளையாட்டு வினாடி வினாக்களில் விரைவுக்குக் கூடுதல் மதிப்பெண் உண்டு. சிந்தித்து விடை சொல்ல வேண்டிய சட்டப் பாடங்களுக்கு அது அவ்வளவாகப் பொருந்தாது. நினைவுப் பயிற்சிக்குப் பொருந்தும்.

கவனிக்க வேண்டியவை

செயலிகள் ஏதேனும் ஒரு கணக்கீட்டு முறையை முன்கூட்டியே தேர்ந்து வைத்திருக்கும். தமிழ் முஸ்லிம்களுள் ஹனஃபி, ஷாஃபியீ ஆகிய இரு மத்ஹபினரும் உள்ளனர். அஸ்ர் தொழுகையின் தொடக்க நேரம் ஹனஃபி முறையில் பிந்தி வரும். பெண்கள் அணியும் நகைக்கு ஸகாத் உண்டு என்பது ஹனஃபி சட்டம். வழக்கமாக அணியும் அளவிலான நகைக்கு இல்லை என்பது ஷாஃபியீ சட்டத்தில் வலுவான கருத்து. அமைப்பைப் பாராமல் செயலியைத் திறந்தால், வீட்டில் பெற்றோர் சொல்வதும் வகுப்பில் திரை சொல்வதும் முரண்பட்டு மாணவர் குழம்புவர். வேறுபாட்டை மறைக்காமல் இரண்டையும் ஒருசேரக் காட்டி விளக்குவது நல்லது.

குழந்தைகளின் குரல், முகம், பெயர் ஆகியவற்றைப் பதிந்து பொதுவெளியில் இடுவதும் கவனத்திற்குரியது. இந்தியாவின் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023, 18 வயதிற்கு உட்பட்டோரின் தரவுகளைக் கையாளப் பெற்றோரின் இசைவை வலியுறுத்துகிறது. இலங்கையிலும் 2022ஆம் ஆண்டின் 9ஆம் எண் தரவுப் பாதுகாப்புச் சட்டம் உள்ளது. பயிற்சிக்காகப் பதிந்த ஒலியைத் திருத்தம் முடிந்ததும் அழித்துவிடுவது எளிய பாதுகாப்பு.

இணையக் காணொளிகளை வகுப்பில் நேரடியாக ஓடவிட்டால், ஒன்று முடிந்ததும் தொடர்பில்லாத மற்றொன்று தானே தொடங்கும். முன்னரே பதிவிறக்கி, முழுவதும் பார்த்த பிறகே காட்ட வேண்டும். மின்தடைக்கும் இணையத் தடைக்கும் மாற்றாகத் தாள் வடிவப் பயிற்சியும் கையில் இருக்க வேண்டும்.

பயனை அளத்தல்

கருவி வந்ததால் வகுப்பில் ஆர்வம் கூடுவது இயல்பு. அது சில வாரங்களில் குறைந்துவிடும். ஆகவே ஆர்வத்தை மட்டும் கொண்டு பயனை அளக்க முடியாது. ஒரு மாதத்திற்கு முன் தவறிய எழுத்தை மாணவர் இப்போது சரியாக ஒலிக்கிறாரா, புதிய ஊரின் பெயரைக் கொடுத்தால் கிப்லாவைக் கண்டுபிடிக்கிறாரா, தம் வீட்டின் ஸகாத் கணக்கைப் பெற்றோருடன் அமர்ந்து போட முடிகிறதா என்பவையே தக்க அளவுகோல்கள்.

உண்மை பேசுதல், அமானிதம் பேணுதல், பெரியோரை மதித்தல் போன்ற பண்புகளுக்கு நான்கு விடை வினாக்களால் மதிப்பெண் இட முடியாது. அவற்றை மாணவர் ஆசிரியரின் நடத்தையிலிருந்து கற்கின்றனர். காத்திருக்கும் மாணவருக்குப் பயிற்சி தரும் வேலையைக் கருவி ஏற்றால், ஹஜ்ரத்தின் முன் அமரும் குழந்தைக்கு 3 நிமிடம் 6 நிமிடமாகக் கூடும். மார்க்கக் கல்வியில் இத்தொழில்நுட்பத்தால் கிடைக்கக்கூடிய முதன்மையான பயன் அந்தக் கூடுதல் நேரமே.